சாமி, நாகப்பட்டணம்

உறைமேல் அவ்வளவுதான் விலாசம்.
சாமி. நெகபட்டாம். இந்தியா.
ரிஜிஸ்தர் தபால், ஒப்புகை அட்டையோடு.
ஸ்டாம்பில் ஒரு மீன்கொத்தி,
நம் வாய்க்கால் மதகில் உட்காருவதைவிடப் பருமன்,
குளமே பார்க்காத மாதிரி ஒரு முகம்.
ஆஸ்திரேலியா, பெண்டிகோ என்றது முத்திரை.

'விலாசம் போதாது' என்று ஊதா மையில் குத்தி
செத்த கடிதங்களின் ஆபீசுக்கு
மெட்ராஸ் அனுப்பவேண்டும், அதுதான் விதி.
பிரிக்க எனக்கு அதிகாரமில்லை.
பிரித்தேன்.

*அன்புள்ள சாமி,
சயாம் ரயில்பாதையில் என் காலில் புண்.
எலும்பு தெரிந்தது.
காவலன் திரும்பிய நேரம் பார்த்து
மூங்கில் வேலிக்கடியில் மூன்று வாத்து முட்டை
உருட்டிவிட்டாய்.
கணக்கில் வை என்றேன். சிரித்தாய்.
நான் வீடு வந்துவிட்டேன். கால் வரவில்லை.
இத்துடன் ஒரு பவுன்.
எங்கள் ஆட்கள் செத்தபோது
பெயரும் நம்பரும் எழுதி
மூங்கில் குழாய்க்குள் ஒளித்துவைத்தோம்.
உங்கள் ஆட்களையும் எண்ணப் பார்த்தோம்.
காலரா எங்களைவிட வேகமாக எண்ணியது.
பெர்ட் ஹல்லோரன்.*

அவன் இங்கிலீஷ்காரன் பட்டாளத்துக்குத் தோள்கொடுக்க
வேறொரு கடல் தாண்டி வந்தவன்.
இவன் பால்மரம் வெட்ட
ரஜூலாவில் ஏறினவன்.
சிங்கப்பூர் விழுந்தபின்
இருவருக்கும் ஒரே சேறு.

ஆனால் எந்தச் சாமி?
வீரசாமி, அப்பாசாமி, சோலைசாமி, குஞ்சுசாமி...
வெள்ளைக்காரன் காதில் நின்றது
எல்லாப் பெயரின் வாலும்தான்.
கப்பலேறியவர் பெயர் கம்பெனிப் புத்தகத்தில் இருக்கிறது.
இறங்கியவர் பெயர் தோட்டத்துப் புத்தகத்தில்.
சரக்குப் பெட்டியில் அடைத்து வடக்கே அனுப்பியபோது
புத்தகம் இல்லை.

யாரிடமும் நான் சொல்லவில்லை.
தபால்காரர் சிங்காரவேலு சொல்லியிருக்கவேண்டும்.
மறுநாள் சிக்கல், திருப்பூண்டி,
வேட்டைக்காரனிருப்பிலிருந்தெல்லாம் பெண்கள்.
கவுண்டர் கம்பிக்கு வெளியே வெயில் நின்றது,
அவர்கள் நகரவில்லை.

'இடது கையில ஆறு விரலான்னு எழுதியிருக்கா?'
'எந்த மாசம்? ஆடிக்கு முன்னயா பின்னயா?'
'ஒரு பவுன உடைச்சா ஆளுக்கு எவ்வளவு?'
பதின்மூன்று ரூபாய் ஐந்தணா நாலு பைசா,
பதினேழு பேர்.
காகிதத்தில் போட்டுப் பார்த்தேன்:
பன்னிரண்டரை அணா.
கேட்டவள் தலையாட்டினாள்,
அப்புறம் அதைப் பற்றிப் பேசவில்லை.

கீழ்வேளூர் தையல்நாயகி மட்டும்
'இது எங்க ஆளில்ல' என்றாள்.
'அவரு யாருக்கும் ஒரு கல்லு உப்பு தரமாட்டாரு.'
சொல்லிவிட்டுச் சிரித்தாள்.
தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவள்
ஆபீஸ் பூட்டும்வரை எழுந்திருக்கவில்லை.
வாசலில் என்னைக் கேட்டாள்:
'சாவு பக்கத்துல இருந்தா
மனுஷன் மாறுவானா சார்?'
எனக்குத் தெரிந்தது தபால் கட்டணம்.

ஒப்புகை அட்டையில்
ஒரு கையெழுத்துக்குத்தான் கோடு.
பதினாறு கட்டைவிரல் அதன்மேல் ஏறின,
ஒன்றின் ரேகைமேல் இன்னொன்றின் ரேகை.
எந்தச் சுழி யாருடையது என்று
போலீசாலும் சொல்லமுடியாது.
பவுனை மேசை அறையில் வைத்துப் பூட்டினேன்.
கையெழுத்துப் போடச் சாமி வரவேண்டும்.

அட்டையை உடனே அனுப்பவில்லை.
ஏனென்று கேட்டால் பதில் இல்லை.

மேட்டூரில் திறந்த தண்ணீர்
தஞ்சாவூரை நனைத்து, திருவாரூரை நனைத்து,
எல்லோரும் குடித்த மிச்சமாகக்
கடைமடைக்கு வந்த அன்று
தையல்நாயகி வந்தாள்.
கணுக்கால்வரை புதுச்சேறு.
'ஓரமா எனக்கு எடம் இருக்கா?'

இல்லை.
அட்டையைத் திருப்பினேன்.
அந்தப் பக்கம் பெண்டிகோ விலாசம்.
பெர்ட் ஹல்லோரன் என்ற பெயர்மேலேயே
விரலை வைத்து அழுத்தினாள்,
எடுக்க நேரமாயிற்று.

இப்போது அந்த விலாசமும் பாதிதான் தெரிகிறது.
பையில் போட்டுக் கட்டிவிட்டேன்.